வால்வு ஆம்ப்பின் ஊளை: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு எது உதவியது, எது உதவவில்லை

பழைய கிதார் ஆம்ப்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) வால்யூமை ஏற்றியதும், யாரும் வாசிக்காமலே ‘ஊ’ என்று ஊளை எழுகிறதா? ஸ்பீக்கரும், சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் காம்போ என்றால் முதல் சந்தேகம், கிதாரின் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கும் பிரீஆம்ப் வால்வு மேல்தான். உள்ளே கிரிட், கேத்தோடு என்ற இரண்டு உலோகப் பாகங்கள் மயிரிழை இடைவெளியில் நிற்கின்றன. அதிர்வில் அந்த இடைவெளி மாறினால் மின்னோட்டமும் ஆடும். அதை அடுத்த கட்டங்கள் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தர, ஸ்பீக்கர் திரும்பவும் வால்வை உலுக்கும்.

சோதிக்க, கிதாரைக் கழற்றிவிட்டு வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்து, டிரெபிளைக் கூட்டி, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வாகத் தட்டுங்கள். ‘டொக்’ என்று அடங்கினால் குறையில்லை. பிரீஆம்ப்பில் வழக்கமாக இருக்கும் 12ஏஎக்ஸ்7 ரக வால்வு, நல்லதாக இருந்தால் கூட அவ்வளவு பேசும். வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினாற்போல் இழுத்து ரீங்கரித்தால்தான் கோளாறு. ஆனால் முதல் வால்வுக்குப் பின்னால் பெருக்கம் அதிகம்; அது எப்போதும் உரக்கவே கேட்கும். பாண்டியன் மாதிரி விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லிவிடாமல், அதே ரகத்தில் பின்வரிசையில் இருக்கும் வால்வோடு இடம் மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அத்தோடு வேலை முடிந்துவிடும்: முன்னால் ஊளையிட்டது பின்னால் போனால் வருடக்கணக்கில் வாய் திறக்காது. வேறு வால்வு இல்லையென்றால் முதல் இடத்தில் 5751 என்ற ரக வால்வைப் போடலாம். அதன் பெருக்கக் காரணி 70, 12ஏஎக்ஸ்7-க்கு 100. ஊளை குறையும், டிஸ்டார்ஷனும் கொஞ்சம் குறையும்.

அதிர்வைத் தணிக்க வால்வின் கண்ணாடிமேல் மாட்டும் வளையங்களை அளவுக்கு மீறிப் புகழ்கிறார்கள். 18 மி.மீ. உள்விட்ட சிலிக்கான் வளையம் இரண்டு போட்டால் தட்டும் சத்தம் மங்கும், ரீங்காரம் போகாது. கறுப்பு ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம். வால்வுச் சூட்டில் இளகி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

நம்மூர்த் திருவிழாப் பலகை மேடைதான் பெரிய எதிரி. டிரம்ஸ் அடி பலகை வழியே நேராக வால்வுக்கு ஏறும். ஆம்ப்பை அடர்த்தியான ஃபோம் மேல், பலகையிலிருந்து பிரித்து வைப்பதுதான் இந்த இரண்டு வருடத்தில் மாறாமல் பலன் தந்த ஒரே காரியம். குட்டியானையில் ஏற்றும்போது வால்வைக் கழற்றித் தெர்மகோலில் பொதிந்து கொண்டுபோவது அடுத்தது.

‘கரகர’ சத்தம் வேறு நோய். வால்வு செருகும் சாக்கெட்டில் புழுதி, இல்லையென்றால் வால்வின் கால்களைப் பிடிக்கும் சாக்கெட் தகடுகளின் பிடி தளர்ந்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஊசியால் பிடியை நெருக்கலாம். பிளக்கை உருவிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஃபில்டர் கப்பாசிட்டரில் 400 வோல்ட் நிற்கக்கூடும். ரெசிஸ்டர் வழியே வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

வால்வை மாற்றியும் தட்டும் சத்தம் போகவில்லையா? செராமிக் டிஸ்க் கப்பாசிட்டரும் அதிர்வை மின்சாரமாக்கும். ஆம்ப் ஓடும்போது உலர்ந்த மரக்குச்சியால் தட்டிக் கண்டுபிடிக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். பதிலுக்கு அதே மதிப்பு, அதே வோல்ட் தாங்கும் ஃபிலிம் கப்பாசிட்டர் போடச் சொல்லுங்கள்.