டிராம் வண்டி டிஸ்க்கும் ஒரு குண்டு பல்பும்

நான் பதினெட்டு வருஷம் சபா நாடகங்களுக்கு லைட் போட்டவன். பகலில் பாங்க் வேலை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மேடையின் இடது விங்கில் விளக்குகளைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் கண் போகும். கதை அப்புறம்.

போன மாதம் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' படத்தின் ப்ளூ-ரே வாங்கினேன். வார்னர் 2012-இல் வெளியிட்ட பதிப்பு, உள்ளே படங்களோடு சின்னப் புத்தகம் மாதிரி அட்டை. மூலை நசுங்கித்தான் வந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, "டிஸ்க் ஓடுதா இல்லையா சார்?" என்றார். ஓடியது. அதோடு விட்டுவிட்டேன்.

ஸ்ட்ரீட்கார் என்றால் நம்ம டிராம்தான். சென்னையில் டிராம் நின்றது 1953-இல், இந்தப் படம் வந்தது 1951-இல். நியூ ஆர்லியன்ஸில் 'டிசையர்' என்று பலகை மாட்டிய டிராமில் ஏறி, பிளான்ச் என்ற பெண் தங்கை வீட்டுக்கு வருகிறாள். பரம்பரைச் சொத்து கைவிட்டுப் போயிற்று, டீச்சர் வேலையும் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியும் நிறைய நாசூக்கும்தான் பாக்கி. தங்கை ஸ்டெல்லாவுக்கு இரண்டே அறை. அவள் புருஷன் ஸ்டான்லிக்கு வந்தவளைப் பார்த்த முதல் நாளிலிருந்தே ஆகவில்லை.

டென்னசி வில்லியம்ஸ் எழுதிய இந்த நாடகம் 1947 டிசம்பரில் நியூயார்க்கில் மேடையேறி 855 காட்சிகள் ஓடியது. அதை மேடையில் இயக்கிய எலியா கசான்தான் படத்தையும் எடுத்தார். மார்லன் பிராண்டோ (ஸ்டான்லி), கிம் ஹண்டர் (ஸ்டெல்லா), கார்ல் மால்டன் மூவரும் மேடையில் செய்த அதே வேஷங்கள். முக்கியமான நால்வரில் மாறியது பிளான்ச் மட்டுமே: நியூயார்க்கில் செய்த ஜெசிகா டாண்டிக்குப் பதில், லண்டன் மேடையில் அதே வேஷம் கட்டிய விவியன் லீ.

நாடகத்தைப் படமாக்குகிறவர்கள் பலரும் முதலில் செய்கிற காரியம், பாத்திரங்களை வெளியே கூட்டிக்கொண்டு போவது. அறைக்குள்ளேயே இருந்தால் ஜனங்களுக்குப் போரடிக்கும் என்று ஒரு பயம். கசானுக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது. பிளான்ச்சின் சொந்த ஊரைக் காட்டுகிற மாதிரி திரைக்கதை எழுதவைத்து, படித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று நாடகத்துக்கே திரும்பி வந்தார். வெளியே போன சில இடங்கள் படத்தில் மிச்சம் இருக்கின்றன. ரயில் நிலையத்தில் புகைக்குள்ளிருந்து பிளான்ச் வருகிற ஆரம்பம் அற்புதம். பௌலிங் ஆடுகிற இடம் இல்லாவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை.

மற்றபடி அந்த இரண்டு அறைதான். அங்கே கசான் ஒரு வேலை செய்தார். செட்டின் சுவர்களை நகர்த்துகிற மாதிரி போட்டு, கதை நகர நகர உள்ளே தள்ளிக்கொண்டே வந்தார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு இது தெரியாது. ஆனால் கடைசி அரை மணி நேரம், கூட்டமான பஸ்ஸில் நிற்கிற மாதிரி இருந்தது. மேடையில் இதற்கு நேர் எதிர்: ஜோ மீல்சினர் போட்ட செட்டில் சுவரே மெல்லிய துணி. முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் சுவர், பின்னால் விளக்கு ஏற்றினால் அந்தப் பக்கத் தெரு தெரியும். நாங்கள் கொசுவலைத் துணியை வைத்துச் செய்த வித்தைதான், அவர் பெரிதாகச் செய்தார்.

இனி அந்த பல்புக்கு வருகிறேன்.

தங்கை வீட்டில் ஒரு மொட்டை குண்டு பல்பு தொங்குகிறது. பிளான்ச்சுக்கு அது ஆகாது; வயது தெரிந்துவிடும். கடையில் வாங்கி வந்த காகிதக் கூண்டு ஒன்றை மிட்ச் கையாலேயே அதன்மேல் மாட்டவைக்கிறாள். மிட்ச் (கார்ல் மால்டன்) ஸ்டான்லியின் நண்பன், அவளைக் கட்டிக்கொள்ள நினைக்கிறவன். பிறகு ஊர்க்கதை அவன் காதுக்கு எட்டுகிறது. ஒரு ராத்திரி ஷேவ் செய்யாத முகத்தோடு வருகிறான், உன்னை ஒரு நாளும் வெளிச்சத்தில் பார்த்ததில்லையே என்கிறான், அதே காகிதக் கூண்டைக் கிழித்து எறிந்து அவள் முகத்தை பல்புக்குக் கீழே இழுத்துப் பிடிக்கிறான்.

மேடையில் இது எவ்வளவு கஷ்டம் என்று என்னைக் கேளுங்கள். மேடையில் தொங்குகிற பல்பு சும்மா பேருக்கு. நடிகர் ஸ்விட்சைத் தொடும்போது விங்கில் இருக்கிறவன் வேறெங்கோ இருக்கும் ஸ்பாட்டை ஏற்ற வேண்டும். ஒரு நாடகத்தில் நான் ஒரு வினாடி தாமதித்துவிட்டேன். நடிகர் விரலை ஸ்விட்சில் வைத்தபடியே நிற்கிறார், மேடை இருட்டு, சபையில் ஒரே சிரிப்பு. சாவு வீட்டு சீன் அது. அப்படியே சரியாக விழுந்தாலும் இருபதாவது வரிசைக்கு முகத்துச் சுருக்கம் எங்கே தெரியும்? அவள் கூசுகிற உடம்புதான் தெரியும்.

இங்கே ஹாரி ஸ்ட்ராட்லிங்கின் கேமரா பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. அதுவரை வடிகட்டிய பால் மாதிரி வெளிச்சத்தில் பார்த்த முகம். திடீரென்று கண்ணுக்குக் கீழே நிழல், வாயோரம் கோடு, நெற்றியில் வேர்வை. எங்களுக்குப் பகல் என்றால் மஞ்சள் ஜெலட்டின், ராத்திரி என்றால் நீலம். வண்ணத்தாளை மாட்டித் தப்பித்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளையில் அந்தச் சால்ஜாப்பு கிடையாது. எவ்வளவு வெளிச்சம், எந்தப் பக்கத்திலிருந்து, அவ்வளவுதான். இந்த நாடகமே அதைப் பற்றியதுதான் என்று எனக்குப் படுகிறது.

பிராண்டோ இயல்பாக நடிக்கிறார், விவியன் லீ நாடகத்தனமாக நடிக்கிறார் என்று ஒரு குறை சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிளான்ச்தான் நாளெல்லாம் நடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டில் அது ஒட்டாமல் நிற்க வேண்டும். ஆஸ்கர் விவியன் லீ, ஹண்டர், மால்டன் மூவருக்கும் கிடைத்தது, பிராண்டோவுக்கு இல்லை.

என் குறை முடிவில். ஸ்டான்லி பிளான்ச்சைப் பலாத்காரம் செய்துவிடுகிறான். நாடகத்தில் அதன் பிறகும் ஸ்டெல்லா புருஷனோடுதான் இருந்துவிடுகிறாள். தப்பு செய்தவன் தண்டனை இல்லாமல் போகக்கூடாது என்ற அந்தக் காலத் தணிக்கைக்காக, படத்தில் அவனை விட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகிறாள். பிளான்ச்சின் இறந்துபோன கணவன் ஓரினச்சேர்க்கையாளன் என்ற விஷயத்தையும் மழுப்பிவிட்டார்கள். அது போதாதென்று கத்தோலிக்க அமைப்பு ஒன்றின் நெருக்கடியால் சில நிமிடங்களை வெட்டினார்கள். ஸ்டெல்லா மாடிப்படியில் மெல்ல இறங்கி வரும் முகமும் அதில் போயிற்று. வெட்டியவை 1993-இல் திரும்பச் சேர்ந்தன. இந்த டிஸ்க்கில் இருப்பது அந்த முழு வடிவம்.

படம் பழைய அகலத்திலேயே, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வருகிறது. அதை இழுத்து நிரப்பாதீர்கள். தமிழ் சப்டைட்டில் இல்லை. பிராண்டோ முணுமுணுப்பதற்கு ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டேன். கூடுதலாக இருப்பவற்றில் மால்டன் பேசும் விளக்க ஒலித்தடம் நல்ல விஷயம், பிராண்டோவின் பழைய ஸ்கிரீன் டெஸ்ட் ஒரு தடவைக்குச் சரி, கசான் பற்றிய ஆவணப்படத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். 1,400 ரூபாய் கொடுத்தேன், வருத்தமில்லை.

டிவியின் பட அமைப்பு 'விவிட்' என்று இருந்தால் மாற்றிவிடுங்கள், சாம்பல் நிறமெல்லாம் செத்துப்போகும். ஹால் டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். முதல் நாள் நான் அணைக்கவில்லை. மிட்ச் பல்புக்குக் கீழே அவள் முகத்தைப் பிடித்த நேரத்தில், பின்னாலிருந்த இருட்டில் என் பனியன்தான் பளிச்சென்று தெரிந்தது.