சிட்டி லைட்ஸ்: கல்லாவில் நின்றவர் கைதான புத்தகக் கடை

கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்று நம் சிற்றிதழ்களில் பக்கம் பக்கமாக நடந்த வாதங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்குச் சான் பிரான்சிஸ்கோ போக வாய்த்தால், கொலம்பஸ் அவென்யூ 261ஆம் எண்ணிலுள்ள சிட்டி லைட்ஸ் புத்தகக் கடையில் அரை நாளாவது செலவிட வேண்டும். 1953இல் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியும் பீட்டர் மார்ட்டினும் தொடங்கிய இக்கடை, கெட்டி அட்டைப் புத்தகம் வாங்க வசதியில்லாதவர்களுக்காக மலிவான காகித அட்டைப் பதிப்புகளை மட்டுமே விற்கத் தொடங்கியது. இதன் முதல் அரசியல் இந்த விலையில்தான் இருந்தது என்பேன்.

கல்லாவுக்கு அருகில் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் கவிஞரல்லர், ஷிக் முராவ் என்ற விற்பனையாளர். அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கின் 'ஹவுல்' கவிதைத் தொகுப்பைக் கடையின் பதிப்பகம் 1956இல் வெளியிட்டது. இங்கிலாந்தில் அச்சாகி வந்த 520 பிரதிகளை 1957 மார்ச்சில் ஆபாசம் என்று சொல்லிச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. ஆனால் அரசு வழக்குரைஞர் வழக்குத் தொடர முன்வராததால் அவை விடுவிக்கப்பட்டன. ஜூன் மாதம் சாதாரண உடையில் வந்த காவலர்கள் ஒரு பிரதியை விலைகொடுத்து வாங்கிச் சென்று, ஆபாச நூல் விற்றதாக முராவைக் கைது செய்தனர். எழுதியவர் அப்போது அந்நாட்டிலேயே இல்லை. 75 சென்ட் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவர்தான் காவல் நிலையத்துக்குப் போனார். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக முகாமில் அடைக்கப்பட்டவர் அவர். சமூக முக்கியத்துவம் சிறிதளவேனும் உள்ள நூலை ஆபாசம் என்று ஒதுக்க முடியாது என்று நீதிபதி கிளேட்டன் ஹார்ன் அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்தார்.

அந்தப் புத்தகம் இன்றும் கிடைக்கிறது. உள்ளங்கையளவு, கறுப்பு அட்டையின் நடுவே வெள்ளைப் பட்டை, 'பாக்கெட் பொயட்ஸ்' வரிசையில் நான்காவது எண். வாங்கிய கையோடு மாடியிலுள்ள கவிதை அறையில் உட்கார்ந்து படித்தேன். முழுவதும் அதே சூட்டோடு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்; பணத்தையும் போரையும் மோலாக் என்னும் பலிகொள்ளும் தெய்வமாக்கி விளித்துப் பேசும் இரண்டாம் பகுதிதான் இன்னும் சுடுகிறது.

கீழ்த்தளத்தில் அலமாரித் தலைப்புகளை மட்டுமே படித்துக்கொண்டு போகலாம்: 'வர்க்கப் போர்', 'திருடப்பட்ட கண்டங்கள்'. அமெரிக்க வரலாறு என்று பொதுவாக எழுதி ஒட்டுவதற்கும் இப்படி எழுதி ஒட்டுவதற்கும் இடையே எத்தனை தூரம்! கடை வருவதற்கு முன்பு அங்கே கூடிய ஒரு கிறித்தவச் சபையார் எழுதிவைத்த 'நானே வாசல்' என்ற வசனமும் அழிக்கப்படாமல் இருக்கிறது.

2020இல் பெருந்தொற்றினால் கடை மூடப்பட்டபோது, வாசகர்கள் சில நாட்களிலேயே 3 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அப்பகுதியில் வண்டி நிறுத்த இடம் தேடுவது வீண் வேலை என்பதால், பேருந்தில் போவது நல்லது.