ஆப்ட் ஷோ: நாள்பட்ட பயன்பாட்டில் பிடிபட்டவை

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் ஒரு பேக்கேஜின் (நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்பின்) விவரம் பார்க்க 'ஆப்ட் ஷோ' கட்டளையும் பேக்கேஜ் பெயரும் போதும். பதிப்பு எண், பராமரிப்பாளர், சார்புகள் (அது இயங்கத் தேவையான பிற பேக்கேஜ்கள்), டவுன்லோட் அளவு, நிறுவியபின் பிடிக்கும் இடம் எல்லாம் வந்துவிடும். ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டியதில்லை.

ஆனால் பலர் ஏமாறும் இடம் அந்தப் பதிப்பு எண்தான். அது கணினியில் இருக்கும் பதிப்பு அல்ல. இப்போது இன்ஸ்டால் கொடுத்தால் வரப்போகும் பதிப்பு. பாதுகாப்புத் திருத்தம் ஏறிவிட்டதா என்று இதை வைத்து முடிவு கட்டினால், பழையதே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு 'ஆப்ட்-கேஷ் பாலிசி'தான் சரி. 'இன்ஸ்டால்டு' (நிறுவியிருப்பது), 'கேண்டிடேட்' (வரப்போவது) இரண்டையும் தனித்தனி வரியில் காட்டும். கீழே உள்ள பட்டியலில் மூன்று நட்சத்திரம் போட்டிருப்பது நிறுவப்பட்டது. பக்கத்தில் உள்ள 500 வழக்கமான ரெப்போவின் (பேக்கேஜ்கள் இறங்கும் களஞ்சியத்தின்) முன்னுரிமை. புதிய பதிப்புகளைப் பழைய வெளியீட்டுக்குத் தரும் பேக்போர்ட்ஸ் ரெப்போவுக்கு 100 என்பதால், புதிய பதிப்பு அங்கே இருந்தாலும் தானாக வராது.

இந்த விவரமெல்லாம் கணினியில் சேமித்த பட்டியலிலிருந்து வருவது. அதைப் புதுப்பிக்கும் 'ஆப்ட் அப்டேட்' ஓட்டி நாளாகியிருந்தால் கேண்டிடேட்டும் பழையதுதான். செயலிகளைத் தனிப்பெட்டியாக ஓட்டும் டாக்கரின் இமேஜ்களில் இடம் மிச்சம் பிடிக்க அந்தப் பட்டியலையே அழித்திருப்பார்கள். நிறுவாத பேக்கேஜைக் கேட்டால் இல்லை என்றே சொல்லும்.

'ஆப்ட் ஷோ' தருவதில் அதிகம் கவனிக்கப்படாத வரி 'ஆப்ட்-சோர்சஸ்'. அங்கே ரெப்போ முகவரிக்குப் பதில் '/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்' (நிறுவியவற்றின் பதிவேடு) மட்டும் இருந்தால், அந்தப் பதிப்பு இப்போதுள்ள எந்த ரெப்போவிலும் இல்லை. டெப் கோப்பாகக் கையால் ஏற்றியதாகவோ, ரெப்போவிலிருந்து விலக்கப்பட்டதாகவோ இருக்கலாம். டிஸ்ட்ரோ அப்கிரேடுக்கு முன் இப்படிப்பட்டவற்றைத் தேடிப் பிடிப்பது நல்லது.

ஸ்கிரிப்ட்டில் 'ஆப்ட் ஷோ' வேண்டாம். வெளியீட்டு வடிவம் மாறலாம் என்று அதுவே எச்சரிக்கிறது. அதற்குப் பதில், அந்தப் பதிவேட்டைப் படிக்கும் 'டிபிகேஜி-கொயரி'யில் வேண்டிய புலத்தை மட்டும் கேட்டு வாங்கலாம். நிலையையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் நீக்கியபின் கான்ஃபிக் கோப்பு மட்டும் மிஞ்சிய பேக்கேஜும் அதில் பதிவாக இருக்கும். இன்ஸ்டால்டு-சைஸ் அங்கே கிபிபைட்டில் (1024 பைட்) வரும், அதுவும் தோராயம்தான்.

ஒரு பேக்கேஜை எவை நம்பியிருக்கின்றன என்பதை 'ஆப்ட் ஷோ' காட்டாது. ஆர்ச் லினக்ஸின் பேக்கேஜ் கருவியான பேக்மேன், நிறுவியவற்றுக்கு அதையும் சேர்த்தே தருகிறது. இங்கே அதற்கு 'ஆப்ட் ஆர்டிபெண்ட்ஸ்' கட்டளை உண்டு. வெறும் பரிந்துரைகளையும் கலந்து கொட்டும். நீக்கினால் எவை சேர்ந்து போகும் என்று அறிய 'ஆப்ட் ரிமூவ்' உடன் சிமுலேட் விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் போதும். எதையும் அழிக்காமல் பட்டியலை மட்டும் தரும்.