மேடையும் கதையும் ஒட்டும் இடம்: ‘மெட்டாலிக்கா: த்ரூ த நெவர்’ ப்ளூரே மதிப்பீடு

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து முடிகிற காலையில் படுகளம் நடக்கும். தரையில் மண்ணால் படுக்கவைத்த துரியோதனன் உருவத்தின் மேலேயே வேஷக்காரர்கள் ஏறிச் சண்டை போடுவார்கள். இரவெல்லாம் பாட்டும் அடவுமாக இருந்தது அப்போது ஊரின் காரியமாகவே ஆகிவிடும். எதுவரை கூத்து, எங்கிருந்து சடங்கு என்று யாராலும் கோடு கிழிக்க முடியாது. கச்சேரியோடு கற்பனைக் கதையைப் பின்னும் ஹெவி மெட்டல் படங்களை நிறுக்க இதைவிட நல்ல எடைக்கல் இல்லை. கதை மேடையைத் தொடுகிறதா, மேடை அதற்குப் பதில் சொல்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த ஒட்டு விட்டுப்போனால் மிஞ்சுவது பாட்டுக்கு நடுவே வரும் விளம்பரம் மாதிரி ஒன்றுதான்.

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிக்காவின் கச்சேரியை வைத்து 2013இல் வந்த ‘மெட்டாலிக்கா: த்ரூ த நெவர்’ இந்தச் சோதனையில் முக்கால்வாசி தேறுகிறது. இயக்கியவர் நிம்ரோத் அந்தால். கச்சேரிப் பகுதிகள் 2012 ஆகஸ்டில் கனடாவின் எட்மன்டன், வான்கூவர் அரங்குகளில், இருபதுக்கும் மேற்பட்ட கேமராக்களை வைத்து முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டவை. ஓட்டம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். கதை சிறியது. ட்ரிப் என்ற எடுபிடிப் பையனை (டேன் டிஹான்), பெட்ரோல் தீர்ந்து வழியில் நிற்கும் லாரியிலிருந்து ஒரு பையை எடுத்து வர அனுப்புகிறார்கள். வெளியே நகரம் கலவரத்தில் இருக்கிறது. முகமூடி போட்ட ஒரு குதிரைவீரன் ஆட்களைச் சுருக்குக் கயிற்றில் இழுத்துத் தொங்கவிடுகிறான். உள்ளே ‘கிரீப்பிங் டெத்’ தொடங்கிவிட்டது.

ட்ரிப் ஏறக்குறைய பேசுவதே இல்லை. நம் கூத்தில் கட்டியங்காரன் சபைக்கும் வேஷத்துக்கும் நடுவே நின்று வாய் ஓயாமல் பேசி இரண்டையும் கட்டுகிறான். இங்கே அதே வேலையை ஊமையாக ஒருவன் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு விதத்தில் இது சரியான முடிவுதான். பாட்டு ஓடும்போது வசனம் வைத்தால் ஒன்று பாடகர் ஹெட்ஃபீல்டின் குரலைத் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் வசனம் காதில் விழாது. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. தெருக் காட்சிகளில் கண்ணாடி உடைவதும் குளம்படிச் சத்தமும் கிட்டாருக்கு அடியில் அமுங்கிப்போகின்றன. ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு எட்டவில்லை. முதல் பாதியில் முழுசாக ஓரிரு பாட்டுகள் கதையை எட்டிக்கூடப் பார்க்காமல் கடந்துபோகின்றன. மறுபடி கதைக்கு வரும்போது ட்ரிப்பை எங்கே விட்டோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மேடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரங்கின் நடுவில் அது இருக்கிறது. நாலு பக்கமும் ஜனம். தரையே ஒளித்திரை. ‘ரைட் த லைட்னிங்’ பாட்டுக்கு மேலே ராட்சத மின்சார நாற்காலி தொங்க, டெஸ்லா சுருள்களிலிருந்து மின்னல் பாய்கிறது. ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ பாட்டில் நீதிதேவதைச் சிலையைப் பணியாளர்கள் பார்வையாளர் கண்ணெதிரே துண்டு துண்டாகப் பூட்டி நிறுத்துகிறார்கள், பிறகு அது நொறுங்கி விழுகிறது. நாலு பக்கமும் பார்வையாளர் இருப்பதால் எதையும் திரைக்குப் பின்னால் ஒளித்து வைக்க வழியில்லை. பூட்டுகிற வேலையே காட்சியாகிறது. படத்தில் மிகச் சிறந்த பத்து நிமிடம் எது என்று கேட்டால் கதைப் பகுதி எதையும் சொல்ல முடியாது, இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒட்டு பிடிப்பது ‘என்டர் சாண்ட்மேன்’ வரும்போது. ட்ரிப் சுத்தியலால் தரையை அறைகிறான், நகரம் அதிர்கிறது. அதே வேளையில் அரங்கில் விளக்குச் சட்டங்கள் சரிகின்றன, பணியாளர்கள் ஓடுகிறார்கள். படுகளம் இதுதான். மேடை சரிவதுபோல நடத்திக் காட்டுவது இந்தக் குழுவுக்குப் புதிதல்ல. 1997 சுற்றுப்பயணத்திலேயே செய்தார்கள், 1998இல் வந்த ‘கன்னிங் ஸ்டண்ட்ஸ்’ பதிவில் பார்க்கலாம். அங்கே அது வெறும் வித்தையாக நின்றது. இங்கே அதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அதன்பின் பளபளப்பு எல்லாம் போய், சில பல்புகளும் சின்ன ஆம்ப்ளிஃபயர்களுமாக ‘ஹிட் த லைட்ஸ்’ வாசிக்கிறார்கள். அவ்வளவு பெரிய மேடையில் நால்வரும் அருகருகே நெருங்கி நிற்பது அப்போதுதான்.

ஒப்பிட இரண்டு படங்கள் போதும். லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘த சாங் ரிமெய்ன்ஸ் த சேம்’ (1976) இந்த வகைக்கு மூத்தது. 1973 ஜூலையில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எடுத்தது போதாமல், 1974இல் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் மேடை போட்டு விட்டுப்போன ஷாட்டுகளை நிரப்பினார்கள். குழுவின் பாஸ் கிட்டார் வாசிப்பவரான ஜான் பால் ஜோன்ஸ் அதற்குள் முடியை வெட்டிவிட்டதால் விக் வைத்து நடித்தார். வெவ்வேறு இரவுகளை ஒரே இரவாகக் காட்ட நினைத்தால் உடை, முடி, வியர்வை எல்லாம் பொருந்த வேண்டும் என்பதற்கு அந்தப் படமே பாடம். ஒவ்வொருவருக்கும் ஒரு கனவுக்காட்சி உண்டு. அவற்றில் டிரம்மர் ஜான் பானம் டிரம் தனியாவர்த்தனம் செய்யும்போது இழுவைப் பந்தயக் கார் ஓட்டுவது மட்டும் தாளத்தோடு சேர்கிறது. மற்றவை தனித்தனித் தீவுகள்.

ஸ்வீடனின் கோஸ்ட் குழு எடுத்த ‘ரைட் ஹியர் ரைட் நவ்’ (2024) வேறு வழியில் போகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 2023 செப்டம்பர் 11, 12 தேதிகளில் நடந்த இரண்டு கச்சேரிகள். பார்வையாளர்களின் செல்போன்களைப் பையில் பூட்டிவைத்த பிறகே படம்பிடித்தார்கள். அதனால் கூட்டத்தைக் காட்டும் ஷாட்டுகளில் முகங்கள் தெரிகின்றன. கதை மேடைக்குப் பின்னாலுள்ள அறையில், பாட்டுகளின் இடைவெளியில் நடக்கிறது. வசனம் தெளிவாகக் கேட்கிறது, பாட்டும் கெடுவதில்லை. ஒட்டுவேலையில் மெட்டாலிக்காவை இது மிஞ்சிவிட்டது. ஆனால் குழுவின் பழைய குறும்படத் தொடரைப் பார்க்காதவர்களுக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபட நேரமாகும். புதிதாக வருகிறவர்கள் ‘த்ரூ த நெவர்’ படத்தில் தொடங்குவதே நல்லது.

இனி டிஸ்க் வாங்கும் விஷயம். அமெரிக்கப் பதிப்பு 2014 ஜனவரியில் வந்தது. ப்ளூரேயில் அமெரிக்கா ஏ மண்டலம், ஐரோப்பா பி, இந்தியா சி. இங்கே வாங்கிய பிளேயர் சி மண்டலத்துக்குப் பூட்டப்பட்டிருக்கும், வேறு மண்டலத்துக்கு மட்டுமான டிஸ்க் அதில் ஓடாது. ஆகவே உறையின் பின்பக்கம் எந்த எழுத்துகள் உள்ளன என்று விற்பவரிடம் புகைப்படம் கேட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். டிவிடிக்குக் கணக்கு வேறு: அமெரிக்கா 1, இந்தியா 5. முப்பரிமாணப் பதிப்பும் உண்டு, ஆனால் டிவி கம்பெனிகள் அந்த வசதியைக் கைவிட்டுப் பல வருடம் ஆகிறது. அந்த வசதியுள்ள ப்ரொஜெக்டரும் அதற்கான கண்ணாடியும் இல்லையென்றால் சாதாரணப் பதிப்பே போதும்.

ஒலியில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பிளேயரை டிவியில் செருகி, டிவியிலிருந்து பழைய ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாகவோ ஆப்டிகல் கேபிள் வழியாகவோ ஒலியை எடுத்தால், டிஸ்கில் உள்ள முழுத்தர சரவுண்ட் தடம் ஸ்பீக்கருக்கு வந்து சேராது. சுருக்கப்பட்ட தடம்தான் வரும். பிளேயரின் எச்டிஎம்ஐ நேராக ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்குப் போக வேண்டும், அங்கிருந்து டிவிக்கு. பிளேயர் மெனுவில் ஒலி வெளியீட்டை ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று வையுங்கள். நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது உரத்ததையும் மெல்லியதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும், ‘ஒன்’ பாட்டில் அமைதியான தொடக்கத்துக்கும் வெடிக்கும் முடிவுக்கும் உள்ள தூரமே போய்விடும். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணையுங்கள், இல்லாவிட்டால் தெருக் காட்சிகள் சீரியல் மாதிரித் தெரியும்.

அடுத்தது அறை. இங்கே அடுக்குமாடி வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அடி கான்கிரீட் அறை சாதாரணம். பன்னிரண்டு அடி நீளத்தில் சுமார் 47 ஹெர்ட்ஸும் பத்தடி அகலத்தில் சுமார் 56 ஹெர்ட்ஸும் ஆன தாழ்ந்த ஒலிகள் சுவருக்குச் சுவர் நின்று முழங்கும். டிரம்மர் உல்ரிக்கின் இரட்டை பாஸ் டிரம்மின் கனம் ஏறக்குறைய அந்த இடத்தில்தான். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே உறுமலாகும். மூன்று, நான்கு அடி முன்னே இழுத்துப் போடுங்கள். தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரை மூலையில் வைக்காதீர்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி மட்டும் அதற்குப் போகும்படி பிரித்து, முதலில் மட்டத்தைக் குறைத்து வைத்து, ‘பேட்டரி’ பாட்டில் அடிகளை எண்ண முடிகிற அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். டைல்ஸ் தரைக்குக் கனமான ஜமுக்காளம் ஒன்று, எதிர்ச்சுவருக்குத் துணித்திரை ஒன்று. இந்த இரண்டும் கிட்டாரின் கூச்சலைக் கணிசமாக அடக்கும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கூரை உயரம், முற்றம் திறந்திருக்கும். உறுமல் குறைவு, எதிரொலி அதிகம். அங்கே துணி இன்னும் கூடுதலாக வேண்டும்.

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றுத் தொல்லை வேறு. எச்டிஎம்ஐ முனைகளில் பச்சை பூத்தால் படம் விட்டுவிட்டு வரும், பிளேயர்தான் போச்சு என்று நினைப்பார்கள். முனையைக் கழற்றி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். லாம்ப் வைத்த ப்ரொஜெக்டராக இருந்தால் பத்து நிமிடம் தாங்கும் யுபிஎஸ் கட்டாயம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் திடீரென்று போனால் விசிறி நின்று லாம்ப் சூட்டிலேயே கிடக்கும்.

பிள்ளைகளோடு பார்க்கும் படம் இல்லை இது. தூக்கில் தொங்கும் உடல்கள், ரத்தம், தன்மேல் தானே தீ வைத்துக்கொள்ளும் காட்சி எல்லாம் உண்டு. விளக்குகள் வெட்டி வெட்டி மின்னுவதால் வலிப்பு வரக்கூடியவர்கள் தவிர்க்க வேண்டும்.

கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். காலியான அரங்கில் ‘ஓரியன்’ வாசிக்கிறார்கள், கேட்க ட்ரிப் ஒருவன்தான். அதன் பாஸ் கிட்டார் பகுதியை உருவாக்கிய, குழுவின் பழைய பாஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் பேருந்து விபத்தில் இறந்தவர். அமெரிக்காவில் இந்தப் படம் திரைக்கு வந்தது 2013 செப்டம்பர் 27 அன்று. இப்போது அந்த வரிகளைப் பாஸ் கலைஞர் ட்ருஹியோ வாசிக்கிறார். பை வந்து சேர்ந்துவிட்டது, அதை யாரும் திறப்பதில்லை.