ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்ன களியக்காவிளை ஏஜென்ட்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் இருக்கிற வெளிநாட்டு வேலை ஆபீஸ் எப்படி என்று ஊரில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். பெயர் போடவில்லை, போனவர்களுக்குத் தெரியும். ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் ஏனென்றால், இரண்டு தடவையும் விசா, டிக்கெட், வேலை மூன்றும் சொன்னபடி இருந்தது, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வைத்துக் கைவிரிக்கவில்லை. மற்றபடி அங்கே இருக்கிற ஏஜென்டுக்கு ஆப்பிரிக்கா என்பது ஒரே நாடு. போட்ஸ்வானாவா ஜாம்பியாவா என்று கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான் மக்களே, அடுத்தடுத்த வீடு, சம்பளத்தப் பாத்து எடு" என்றார்.

நான் ஜெனரேட்டர் மெக்கானிக். 2021 கடைசியில் போட்ஸ்வானா தலைநகர் கபரோனே போனேன். நம்ம குமரி மாவட்டத்தைப் போல 340 மடங்கு பரப்பு, ஆனால் 2022 கணக்கெடுப்பில் மொத்த நாட்டுக்கும் ஆள் 24 லட்சம்கூட இல்லை. நம்ம மாவட்டத்திலேயே 2011-ல் 18 லட்சத்துக்கு மேல். குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. ரோடு அருமை, சம்பளம் தேதி தவறாமல் வந்தது, ஒரு புலாவுக்கு ஆறு ரூபாய் சொச்சம். புலா என்றால் அவர்கள் பாஷையில் மழை. பாதிக்கு மேல் கலஹாரி மணலாக இருக்கிற நாட்டில் காசுக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் சொந்த ஊருக்கோ, மொராகா என்கிற மாட்டுப்பட்டிக்கோ கிளம்பிவிடுவார்கள். தெருவே காலி. வெயில், நான், ஃபேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் போனில் மூன்று மணி நேரம் பேசி, கடைசியில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டை போட்டதுவரை கேட்டிருக்கிறேன்.

2024 ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்ததும் இதே ஏஜென்ட் வழியாக ஜாம்பியா தலைநகர் லுசாகாவில் வேலை கிடைத்தது, பஸ்ஸிலேயே போனேன். இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஜாம்பேசி ஆறு, எல்லை மொத்தமே 150 மீட்டர் போலத்தான். முன்பு பெரிய மிதவைப் படகில் லாரி ஏற்றிக் கடத்துவார்களாம், 2021-ல் கசுங்குலா பாலம் திறந்திருக்கிறார்கள், 923 மீட்டர். போட்ஸ்வானாவுக்குள் வழியில் சில இடங்களில் இறக்கிவிட்டு மருந்தில் நனைத்த கால்மிதியில் செருப்பை மிதிக்கச் சொல்கிறார்கள், மாட்டுக்குக் கோமாரி பரவக் கூடாதாம். பறவைக் காய்ச்சல் நேரத்தில் நம்ம செக்போஸ்ட்டில் லாரி டயருக்கு மருந்து அடிப்பது ஞாபகம் வந்தது.

நான் போய் இறங்கிய நேரம் லுசாகாவில் காலரா. ஹீரோஸ் ஸ்டேடியத்தையே சிகிச்சை மையமாக மாற்றியிருந்தார்கள், பள்ளிக்கூடம் திறப்பதைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சாமல் வாயில் வைக்க முடியாது. அப்புறம் வறட்சி. அங்கே கரண்டில் முக்கால்வாசிக்கு மேல் அணையிலிருந்துதான், கரிபா அணை வற்றியதும் சில நாள் மூன்று மணி நேரம்கூடக் கரண்ட் கிடையாது. ஏஜென்டுக்குப் போன் போட்டு, "அண்ணே, இதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். "விக்டோரியா ஃபால்ஸ் இருக்கிற நாட்டுல கரண்டு எப்படி இல்லாமப் போவும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். சரி, அந்தக் கரண்டு கட்டில்தான் எனக்கு ஓவர்டைம் காசு வந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் அந்த ஊர்க் காசு குவாச்சா, ஒன்றுக்கு அப்போது மூன்று ரூபாய் சொச்சம்தான், வீட்டுக்கு அனுப்பியது போட்ஸ்வானாவில் அனுப்பியதில் பாதி.

இருந்தும் திரும்பப் போகச் சொன்னால் லுசாகாவுக்குத்தான் போவேன். காலையில் கேட்டைத் திறந்தால் "முலி புவான்ஜி" என்று நாலு பேர் நலம் விசாரிப்பார்கள், பதில் சொல்லாமல் போனால் மரியாதை இல்லை. சந்தையில் கபெந்தா என்று ஒரு காய்ந்த பொடிமீன், குவியல் குவியலாக விற்கும், நம்ம நெத்திலிக் கருவாடேதான். தக்காளி வெங்காயம் போட்டு வதக்குவார்கள், நான் அதில் கொஞ்சம் நல்லமிளகு தட்டிப் போட்டேன், பக்கத்து வீட்டு அக்கா மறுநாள் கிண்ணத்தோடு வந்து நின்றார். மரச்சீனியும் கிடைக்கும், அதன் இலையைக்கூட விடாமல் சமைக்கிறார்கள், அது மட்டும் எனக்கு இறங்கவில்லை.

கடன் அடைக்கப் போகிற ஒற்றை ஆள் என்றால் போட்ஸ்வானா. பெண்டாட்டி பிள்ளையோடு போகிறவர்கள் ஜாம்பியாவைப் பாருங்கள், ஆனால் வீட்டில் சோலார் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கட்டணம்தான் பெரிய குறை. சட்டப்படி ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். என்னிடம் வாங்கியது 85,000, ரசீது கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். லைசென்ஸ் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள், நான் பார்க்காமல் போனவன்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். நமீபியாவில் ஆள் எடுக்கிறார்களாம், அதுவும் இதே மாதிரிதானாம். அங்கே கரண்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றவர் இன்னும் கூப்பிடவில்லை.