உத்பல் தத்தா, பாதல் சர்க்காரா? சிறு குழுவுக்கு ஏற்ற வங்காள நாடகம்

எங்கள் நாடகக் குழு வங்காளத்திலிருந்து ஒன்றை எடுக்கலாம் என்று முடிவு செய்ததும் பேச்சு இந்த இருவரிடம்தான் வந்து நின்றது. இருவருமே எழுதி, இயக்கி, நடித்தவர்கள். கடைசியில் பாதல் சர்க்காரின் 'மிச்சில்' (ஊர்வலம்) நாடகத்தை எடுத்தோம்.

நடிகர் என்று பார்த்தால் உத்பல் தத்துக்கு அருகில்கூட சர்க்காரை நிறுத்த முடியாது. 'புவன் ஷோம்' படத்துக்குத் தேசிய விருது, சத்யஜித் ராயின் 'ஆகந்துக்'... சரி, இதை நீட்ட வேண்டியதில்லை.

எங்களுக்குத் தீர்மானமாக இருந்தது ஒரே கேள்வி: பத்தாவது முறை போடும்போது கையில் காசு இருக்குமா? முதல் காட்சிக்கு எப்படியாவது புரட்டிவிடலாம். தத்தின் 'அங்கார்' 1959-ல் கல்கத்தா மினர்வா அரங்கில் நடந்தது. கடைசிக் காட்சியில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறி, சிக்கிக்கொண்ட தொழிலாளர்கள் மூழ்குவார்கள். அந்த வெள்ளத்தை விளக்கொளியாலேயே எழுப்பினார் தாபஸ் சென். இசை ரவிசங்கர். 1965-ல் வந்த தத்தின் 'கல்லோல்', 1946 கடற்படைக் கலகத்துக்காக மேடையில் போர்க்கப்பலையே நிறுத்தியது. தத்தின் குழு மினர்வாவைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. அப்புறம் தத்துக்கு சினிமா வருமானமும் இருந்தது. எங்களுக்கு இரண்டுமே இல்லை.

சர்க்கார் நகரத் திட்டமிடல் பொறியாளர். 'ஏவம் இந்திரஜித்' அவருக்கு நாடெங்கும் பெயர் வாங்கிக்கொடுத்த மேடை நாடகம். அப்படிப்பட்டவரே எழுபதுகளில் மேடையை விட்டு இறங்கி, தன் 'சதாப்தி' குழுவோடு கூடங்களிலும் கல்கத்தாவின் கர்சன் பார்க்கிலும் கிராமங்களிலும் நடித்தார். விளக்கு, திரை, ஒப்பனை எதையும் நம்பவில்லை. 1980-ல் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பட்டறை தமிழ் நாடகக்காரர்களுக்கும் இந்த வழியைத் திறந்துவிட்டது.

'மிச்சில்' எப்படி நடக்கும் என்றால், பார்வையாளர்களைக் கூறு கூறாக உட்கார வைத்து, இடையில் விடும் வழிகளே தெருக்களாகிவிடும். காணாமல்போன கோகாவைத் தேடி ஒரு கிழவர் அந்தச் சந்துகளில் அலைவார். ஊர்வலங்கள் நம் தோளை உரசிக்கொண்டு போகும். முடிவில் பார்வையாளர்களும் கைகோத்து ஊர்வலத்தில் சேர்ந்துவிடலாம். எத்தனை முறை போட்டாலும் அரங்க வாடகை, விளக்கு வாடகை, லாரி வாடகை என்ற பேச்சே எழாது.

ஆனால் இதற்கும் பராமரிப்பு உண்டு, அது முழுக்க உடம்பில் இருக்கிறது. அதே ஆட்கள்தான் கூட்டம், போலீஸ், ஊர்வலம் எல்லாமே. ஒருவர் ஒத்திகைக்கு வராவிட்டால் அன்றைக்கு எல்லோருடைய அசைவும் குலையும். வாரம் தவறாமல் கூடமுடியாத குழு இதைத் தொடவே கூடாது.

ஒரு விஷயத்தில் என் தீர்ப்பு பலவீனமானது. தத், வங்காளத்தின் நாட்டார் நாடக வடிவமான யாத்ராவுக்கும் எழுதி கிராமத்துப் பெருங்கூட்டங்களைப் பிடித்தவர். நான் யாத்ராவை நேரில் பார்த்ததில்லை. எளிய மக்களிடம் அதிகம் போய்ச்சேர்ந்தவர் யார் என்ற கணக்கில் தத் முந்தக்கூடும்.

படிக்க மட்டும் என்றால் தத்தின் 'டினேர் தல்வார்' எனக்கு இன்னும் பிடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தா நாடகக் கொட்டகையே அதன் களம். கல்லூரி அரங்கும் விளக்குகளும் இலவசமாகக் கிடைக்கிற குழு, தயங்காமல் அதையே எடுக்கலாம்.