அண்ணாச்சி கடையும் மளிகைச் செயலியும்

தமிழ்நாட்டு நகரங்களில் மளிகை வாங்க இன்று இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று தெருமுனை அண்ணாச்சி கடை, மற்றொன்று, 2011-இல் பெங்களூருவில் தொடங்கிய பிக்பாஸ்கெட் போன்ற கைப்பேசிச் செயலிகள்.

எந்த வீட்டில் எந்தத் தேதியில் சம்பளம் வரும், யாருக்குச் சர்க்கரை நோய், யாருக்கு எவ்வளவு பற்று எழுதலாம் என்பதெல்லாம் பல ஆண்டுப் பழக்கத்தால் அண்ணாச்சிக்குத் தெரியும். செயலியோ, நாம் தேடிய சொல், கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் விட்ட பொருள், வாங்கும் நேரம் ஆகியவற்றைத் திரட்டி அடுத்த தேவையைக் கணிக்கிறது; அக்கணிப்பின்படி அருகிலுள்ள கிடங்கில் சரக்கை முன்கூட்டியே அடுக்கிவைப்பதால்தான் சில நிமிடங்களில் பொருள் வாசலுக்கு வருகிறது. விரைவிலும் பொருள் வகையிலும் செயலியே மேல்; படியிறங்க இயலாத முதியவருக்கு அது பெரும் உதவி.

ஆனால் கடன் என்று வரும்போது வேறுபாடு கூர்மையாகிறது. செயலிவழிக் கடன் பழைய பதிவுகளை எடைபோட்டுக் கெடு வைக்கிறது. வேலை போன மாதத்தில், "இருக்கும்போது கொடுங்க, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்வது அண்ணாச்சியே. மேலும், அவர் அறிந்தது பெரும்பாலும் தெருவோடு நிற்கிறது. செயலி திரட்டுவது விளம்பர வணிகத்துக்கும் பயன்படுகிறது. நாம் தரும் ஒப்புதலுக்கு 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மதிப்பளித்தாலும், நீண்ட நிபந்தனைகளைப் படித்து ஒப்புபவர் மிகச் சிலரே.

2016-இல் அறிமுகமான யுபிஐயை ஏற்று, வாட்ஸ்அப்பில் பட்டியல் வாங்கி வீட்டுக்கே அனுப்பும் அண்ணாச்சிகளிடம்தான் மாத மளிகையை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவசரத்துக்கு மட்டும் செயலி போதும்.